ஐஸ்கிரீம் யார் கழுத்தில் விழுகிறது?

1895 டிசம்பர் 28. பாரிஸில் ஒரு காபி ஹோட்டல். அதன் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் டிக்கெட் போட்டுப் படம் காட்டிய நாள். ஒவ்வொரு படமும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அன்றைக்கு ஓடிய பத்துப் படங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, லியோன் நகரத்தில் இருந்த லூமியேர்களின் சொந்த ஃபேக்டரி. கதவு திறக்கிறது, ஆணும் பெண்ணுமாக வேலையாட்கள் வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் கையில் ஒரு டீயோடு நின்றால் இதே படத்தை நீங்கள் ஓசியிலேயே பார்க்கலாம். கம்பெனி பஸ் மட்டும் கூடுதல்.

இரண்டாவது, ஒரு தோட்டக்காரர் ரப்பர் குழாயில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு பொடியன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. என்னடா ஆச்சு என்று அவர் குழாய் வாயை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க, பொடியன் காலை எடுக்கிறான். சளார்! தோட்டக்காரர் முகமெல்லாம் தண்ணீர். உலகத்தின் முதல் காமெடிப் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆக, சினிமா காசுக்கு ஓட ஆரம்பித்த அன்றைக்கே தொழிலாளியும் திரைக்கு வந்தாச்சு, சிரிப்பும் வந்தாச்சு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் காமெடியிலேயே நனைந்தது யார்? தோட்டத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. அதில் வேலை செய்கிறவர்!

இந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டிப் பார்க்கப் போகிறோம். யார் விழுந்தால் சிரிக்கிறோம்? யார் விழுந்தால் சிரிக்கக் கூடாது? ஓசூர் மாதிரி ஒரு ஊருக்கு இது வெறும் சினிமாக் கேள்வி இல்லை.

*

முதலில் ஒரு சின்ன ஃபிளாஷ்பேக்.

"ஸ்லாப்ஸ்டிக்" என்கிற பெயரே ஒரு குச்சியிலிருந்து வந்தது. இத்தாலி நாட்டுப் பழைய நாடகக் கோமாளிகள் இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டையை வைத்திருப்பார்கள். அதால் அடித்தால் படார் என்று சத்தம் கேட்கும், வலி பெரிதாக இருக்காது. சத்தம் பெருசு, வலி சிறுசு. இந்தக் கலையின் முழு இலக்கணமும் அந்தக் கட்டைக்குள்ளேயே இருக்கிறது.

பிரான்ஸில் 1905 வாக்கில் மாக்ஸ் லிண்டர் என்பவர் கோட்டு சூட்டு போட்ட கனவானாக வந்து அசடு வழிந்து பேர் வாங்கினார். அமெரிக்காவில் மாக் சென்னட் 1912-ல் கீஸ்டோன் கம்பெனியை ஆரம்பித்தார். சென்னட் கனடாவில் பிறந்தவர், சினிமாவுக்கு முன்னால் இரும்புப் பட்டறை வேலையும் பார்த்தவர். கீஸ்டோன் போலீஸ்காரர்கள் கும்பலாக ஓடுவார்கள், கும்பலாக விழுவார்கள், யாரையும் பிடிக்க மாட்டார்கள். 1914-ல் அதே கம்பெனியில் லண்டனிலிருந்து வந்த ஒரு நாடகக்காரர் சேர்ந்தார். தொளதொள பேண்ட், இறுக்கமான கோட்டு, கைத்தடி, குட்டி மீசை. அந்த ஒரே வருஷத்தில் 35-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்துத் தள்ளினார். பெயர் சொல்லணுமா என்ன?

நம்ம பக்கம் படம் எப்படி வந்தது? அதுவும் ஒரு தொழிலாளி கதைதான். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜக்டரையும் சில படச்சுருள்களையும் வாங்கினார். ரயில்வே வேலையை விட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தக் காலக் கூடாரங்களில் படம் ஓடும்போது பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார். டைட்டில் கார்டு இங்கிலீஷில் இருக்குமே, யாருக்குப் புரியும்? ஆனால் ஒருத்தன் வழுக்கி விழுவதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விளக்குகிறவருக்கும் அங்கே கொஞ்சம் ரெஸ்ட் கிடைத்திருக்கும்!

1927-ல் வெள்ளைக்கார அரசாங்கம் இந்தியா முழுக்கச் சினிமாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிட்டி போட்டது. தலைவர் மெட்ராஸ் வக்கீல் டி. ரங்காச்சாரி. 1928-ல் அறிக்கை வந்தது. அன்றைக்கு இந்தியத் தியேட்டர்களில் ஓடியதில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்கள். அமெரிக்கக்காரன் எடுக்கிற படத்தில் வெள்ளைக்காரர்களை மட்டமாகப் பார்த்தால் இந்தியர்களுக்கு அவர்கள் மேல் இருக்கிற மரியாதை போய்விடும் என்ற பயம் அப்போதைய அதிகாரிகள் பலருக்கு இருந்தது.

இந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. மரியாதை என்பது ஒரு சொத்து. அது யாரிடம் நிறைய இருக்கிறதோ அவர்களுக்குத்தான் வழுக்கி விழுவதில் நஷ்டம்.

*

இதை சாப்ளினே எழுதி வைத்திருக்கிறார். 1918-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில், ஜனங்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் 1917-ல் வந்த "தி அட்வென்ச்சரர்" படத்துக் காட்சி ஒன்றை விளக்குகிறார். மாடி பால்கனியில் சாப்ளின் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார். ஐஸ்கிரீம் நழுவி அவர் பேண்டுக்குள் போகிறது. அங்கிருந்து கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு பணக்கார அம்மாவின் முதுகில் விழுகிறது. அந்த அம்மா துள்ளிக் குதிக்க, தியேட்டரே சிரிக்கிறது.

இதே ஐஸ்கிரீம் தரை துடைக்கிற ஒரு பெண்மணியின் கழுத்தில் விழுந்திருந்தால்? ஜனங்கள் சிரிக்க மாட்டார்கள், பாவம் என்பார்கள் என்கிறார் சாப்ளின். ஏனென்றால் அந்தப் பெண்ணிடம் இழப்பதற்கு ஜம்பம் எதுவும் இல்லை. பணக்கார அம்மாவுக்கு விழுந்தால் மட்டும் 'நல்லா வேணும்' என்று தோன்றுகிறது.

இதை ஐஸ்கிரீம் டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளலாம். காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு உதைக்கும் ஒரு பற்று உண்டு, ஒரு வரவு உண்டு. யார் கணக்கில் பற்று எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி.

சாப்ளின் 1916-லும் 1917-லும் மியூச்சுவல் கம்பெனிக்காக எடுத்த 12 குறும்படங்களை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் 20, 25 நிமிஷம்தான். கடை மேற்பார்வையாளர், தீயணைப்பு வீரர், தையல்காரரின் உதவியாள், அடகுக்கடைப் பையன், ஸ்டுடியோவில் சாமான் தூக்குகிறவர், ஹோட்டல் சர்வர், போலீஸ் கான்ஸ்டபிள் என்று ஏழு படங்களில் அவர் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறார், அல்லது எப்படியோ அதில் மாட்டிக்கொள்கிறார். மூன்று படங்களில் வீடு வாசலே கிடையாது. தெருவில் பிடில் வாசிக்கிறவர், கப்பலில் வந்து இறங்கும் அகதி, ஜெயிலிலிருந்து தப்பிய கைதி. மிச்சம் இரண்டில் மட்டும் பணக்காரக் குடிகாரர். அந்த இரண்டிலும் யார் விழுகிறார்? அந்தப் பணக்காரர்தான்! வீட்டுக்குள் நுழைந்து படுக்கைக்குப் போய்ச் சேரவே ஒரு முழுப் படம் எடுத்துக்கொள்கிறார்.

"பிஹைண்ட் தி ஸ்கிரீன்" படத்தில் ஒரு காட்சி. சூப்பர்வைசர் தூங்கிக்கொண்டிருப்பார். உதவியாள் சாப்ளின் ஒரு டஜன் நாற்காலி போல முதுகில் அடுக்கித் தூக்கிக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரி நடந்து போவார். சூப்பர்வைசர் எழுந்ததும் "வேலை செய்டா சோம்பேறி" என்கிற மாதிரி ஒரு முறைப்பு. சிப்காட்டில் எந்த ஷாப் ஃப்ளோரில் இதைப் போட்டாலும் சப்டைட்டில் தேவைப்படாது.

*

சரி, தமிழ் சினிமாவுக்கு வருவோம். இங்கே ஐஸ்கிரீம் டெஸ்ட் வைத்தால் என்ன ரிசல்ட் வரும்?

நாகேஷுக்கு பாஸ். ரயில்வே கிளார்க்காக இருந்து நடிக்க வந்தவர் அவர். 1964-ல் வந்த "சர்வர் சுந்தரம்" படத்தில் தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வருகிற அந்த ஒல்லி உடம்புக்குள் சாப்ளின், கீட்டன் எல்லோரும் குடியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் படம் சர்வரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லவில்லை. சர்வரோடு சேர்ந்து சிரிக்கச் சொல்கிறது. பிற்பாதியில் அழவும் சொல்கிறது.

கவுண்டமணி, செந்தில்? இங்கேதான் சண்டை வரும். பெரிய உருவம் சின்ன உருவத்தை எட்டி உதைப்பது, நிறத்தையும் மண்டையையும் சொல்லித் திட்டுவது, தமிழ்நாடே சிரிப்பது. மேலிருந்து கீழே போகிற உதை இது என்று ஒரு கட்சி சொல்லும். ஆனால் "கரகாட்டக்காரன்" (1989) வாழைப்பழக் காட்சியை நிதானமாகப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். வாதத்தில் ஜெயிப்பது செந்தில். பதில் சொல்ல முடியாமல்தான் கவுண்டமணி கையை ஓங்குகிறார். அடி என்பது அங்கே தோல்வியின் ரசீது. அதே கவுண்டமணி பண்ணையாரையும் அரசியல்வாதியையும் வாயாலேயே வாரிய படங்களும் ஏராளம். ஆகவே அவருக்கு ஃபெயில் போட முடியாது. ஆனால் நிறம், உருவம் பற்றிய அந்த வசவுகளுக்கு மட்டும் மார்க் கிடையாது. அந்த வசவை ஸ்கூல் கிரவுண்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட கறுத்த பையன்கள் இந்த மாநிலம் முழுக்க இருக்கிறார்கள்.

வடிவேலு? "ஃபிரண்ட்ஸ்" (2001) படத்தின் நேசமணி ஒரு கான்ட்ராக்டர், அதாவது அங்கே அவர்தான் முதலாளி. வேலைக்காரர்களை விரட்டிக்கொண்டே இருப்பார். மேலே வேலை செய்கிறவன் கையிலிருந்து சுத்தியல் நழுவி நேரே அவர் தலையில் விழும். ஐஸ்கிரீமுக்குப் பதிலாகச் சுத்தியல், அவ்வளவுதான் வித்தியாசம்! 2019 மே மாதம், பொறியியல் சம்பந்தப்பட்ட ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் யாரோ சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, நம்ம ஆள் ஒருவர் நேசமணி தலையில் விழுந்த கதையைச் சொல்ல, நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று உலக அளவில் டிரெண்ட் ஆனது. படம் வந்து 18 வருஷம் கழித்து! அதற்கு மூலமே 1999-ல் வந்த ஒரு மலையாளப் படம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழுகிற சுத்தியலுக்கு மொழி கிடையாது.

*

இப்போது ஓசூர்.

இந்த ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் வீட்டு மொழிகள். ஒரே தெருவில் நான்கையும் கேட்கலாம். டீக்கடையில் ஆர்டர் ஒரு பாஷையில் போகும், பில் இன்னொரு பாஷையில் வரும், சில்லறைத் தகராறு மூன்றாவது பாஷையில் நடக்கும். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா. சிப்காட் வந்த பிறகு இந்தப் பட்டியலோடு இந்தி, ஒடியா, வங்காளி, அசாமியும் சேர்ந்தாச்சு. வாகன உதிரிபாகப் பட்டறைகள், கிரானைட், கட்டட வேலை, ஹோட்டல், கிருஷ்ணகிரி பக்கம் வந்திருக்கிற புதிய எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் என்று எங்கே பார்த்தாலும் வெளிமாநிலத்துப் பிள்ளைகள்.

அவர்களைப் பற்றி நம்ம ஆட்கள் அடிக்கிற ஜோக்குகளை வாட்ஸப்பில் பார்த்திருப்பீர்கள். 'வடக்கன்' என்று ஆரம்பிக்கும். பான்பராக், ரிசர்வேஷன் பெட்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறுவது, தமிழைக் கொத்திப் பேசுவது. கல்லூரி குரூப்புகளில் இது தினசரிச் சாப்பாடு. அனுப்புகிறவர் கெட்டவராக இருக்கணும் என்று அவசியமே இல்லை. ரொம்ப நல்ல பையன்தான், ரத்ததானமெல்லாம் செய்கிறவன்தான், சும்மா ஃபார்வர்டு செய்திருப்பான்.

ஐஸ்கிரீம் டெஸ்ட் வையுங்கள். யார் கழுத்தில் விழுகிறது? ஒரு அறையில் எட்டுப் பேர் படுத்து, ஓவர்டைம் பார்த்து, மாசம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புகிறவன் கழுத்தில். தரை துடைக்கிற பெண்மணியின் கழுத்தில். இது காமெடியே இல்லை, கணக்கில் தவறு.

இது ஏதோ நாகரிகப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத பழைய வீடியோக்களுக்குப் பொய்த் தலைப்பு போட்டுப் பரப்பினார்கள். தொழிலாளிகள் பயந்துபோனார்கள், பலர் மூட்டை கட்டினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்று இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. தமிழ்நாடு போலீஸ் வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்கு போட்டது. வீடியோக்கள் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை அவர்கள் உடனே ஏன் நம்பினார்கள்? தினமும் கிண்டலாகக் கேட்கிற ஒரு குரலைத்தான் அந்த வீடியோவிலும் கேட்டிருப்பார்கள். நம்மை இவர்களுக்குப் பிடிக்காது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயமாக இருந்திருக்கும். ஜோக்கு எப்போதும் ஜோக்காகவே நின்றுவிடுவதில்லை.

ஓசூர்க்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகவே புரியணும். 2016 செப்டம்பர் 12, காவிரிப் பிரச்சினை. பெங்களூரில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட் போட்ட பஸ்ஸும் லாரியும் எரிந்தன. எல்லையில் பஸ் நின்றுபோனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டும் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு ஜனங்கள் நடந்தே வந்தார்கள். 1991 டிசம்பரிலும் பெங்களூர்த் தமிழர்களுக்கு இதே கதைதான். அங்கே அன்றைக்குத் தமிழர்கள்தான் 'வெளியாட்கள்'. எல்லையில் நிற்கிறவன் கொஞ்சம் திரும்பி நின்றாலே போதும், யார் உள்ளூர், யார் வெளியூர் என்பது மாறிவிடும்.

*

இந்த இடத்தில்தான் 1917 ஜூனில் வந்த "தி இமிக்ரன்ட்" என்ற 20 சொச்சம் நிமிஷப் படம் ஓசூருக்காகவே எடுத்த மாதிரித் தெரிகிறது.

ஒரு கப்பல், அது நிறைய ஏழை ஜனங்கள், எல்லோரும் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகிறவர்கள். கப்பல் ஆடுகிறது, சாப்பாட்டுத் தட்டு மேஜையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சறுக்குகிறது, எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேர் ஒரே தட்டில் மாறி மாறி ஒரு வாய் அள்ளுகிறார்கள். சென்னையிலிருந்து ஹௌராவுக்கு அன்ரிசர்வ்டு பெட்டியில் போனவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும்.

பிறகு நியூயார்க் துறைமுகம். சுதந்திரதேவி சிலை தெரிகிறது. எல்லோரும் ஆசையாகப் பார்க்கிறார்கள். அடுத்த நொடியே அதிகாரிகள் வந்து ஒரு கயிற்றைக் கட்டி, மாட்டை மடக்குகிற மாதிரி எல்லோரையும் ஓரமாகத் தள்ளுகிறார்கள். சாப்ளின் சிலையை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார். வசனம் இல்லை. பிறகு தன்னைத் தள்ளிய அதிகாரிக்குப் பின்னால் ஒரு உதை! அந்த உதை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள்.

இரண்டாம் பாதி ஒரு ஹோட்டல். சாப்ளின் ரோட்டில் கிடந்த ஒரு நாணயத்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருகிறார். பாக்கெட்டில் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரியாது. பக்கத்து மேஜைக்காரர் பில்லில் பத்து சென்ட் குறைந்தது என்பதற்காக அவரைச் சர்வர்கள் சேர்ந்து மொத்து மொத்து என்று மொத்துகிறார்கள். அதைப் பார்த்தபடியே சாப்ளின் பீன்ஸை ஒவ்வொன்றாகச் சாப்பிடுகிற அந்த முகம்... மாசக் கடைசியில் ஜி-பே பேலன்ஸ் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொண்டே மெஸ்ஸில் இன்னொரு ஆம்லெட் சொன்ன எந்த மாணவனுக்கும் அந்த முகம் பழக்கம்தான்!

இந்தப் படத்தில் வெளியூரிலிருந்து வந்தவன்தான் ஹீரோ. அவன் பாஷை என்ன என்று படம் கடைசி வரை சொல்வதே இல்லை. அதனால் பீகார்க்காரன் பார்த்தால் அவன் பீகார்க்காரன், பெங்களூர்த் தமிழன் பார்த்தால் அவன் தமிழன். ஐஸ்கிரீம் மேலே இருக்கிறவன் கழுத்தில் விழுகிறது, பார்க்கிறவன் யாராக இருந்தாலும் கீழே இருக்கிறவனோடு சேர்ந்து சிரிக்கிறான்.

*

இதற்கெல்லாம் மறுப்பு இருக்கும். மூன்றை மட்டும் பார்ப்போம்.

ஒன்று: சாப்ளின் என்ன ஏழையா? இல்லை. 1916-ல் மியூச்சுவல் அவருக்கு ஒரு வருஷத்துக்குப் பேசிய தொகை 6,70,000 டாலர். அன்றைய உலகத்தில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவர். கோடீஸ்வரன் கந்தல் வேஷம் போட்டான் என்று சொல்லலாம். ஆனால் லண்டனில் ஏழைகள் விடுதியில் வளர்ந்த பையன் அவர். பின்னாளில் 1952-ல் அவர் லண்டனுக்குக் கப்பல் ஏறியதும் அமெரிக்கா திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தது. இமிக்ரன்ட் படத்தின் கயிறு 35 வருஷம் கழித்து அவர் மேலேயே விழுந்தது.

இரண்டு: அந்தக் காலப் படங்கள் எல்லாம் சுத்தமா? சத்தியமாக இல்லை. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கிண்டல் செய்த காட்சிகள் ஏராளம். பஸ்டர் கீட்டன் மாதிரி ஒரு மேதையின் "காலேஜ்" (1927) படத்தில்கூட அது இருக்கிறது. அங்கே அவர்களும் ஃபெயில். இந்த டெஸ்ட்டில் பெரிய ஆள் என்று யாருக்கும் கிரேஸ் மார்க் கிடையாது.

மூன்றாவதுதான் கனமான மறுப்பு: வேலை செய்கிறவன் விழுவதைப் பார்த்துச் சிரிக்கலாமா? நிஜத்தில் சாரத்திலிருந்து விழுந்தால் உயிர் போகும். பிரஸ் மெஷினில் விரல் போவது வாகன உதிரிபாகத் தொழிலில் நாடு முழுக்கத் தெரிந்த விபத்து.

இதற்குப் பதில் ஹரால்ட் லாயிட். "சேஃப்டி லாஸ்ட்" (1923) படத்தில் உயரமான கட்டடத்தில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குகிற கண்ணாடிக்காரர். படத்தில் அவர் துணிக்கடை சேல்ஸ்மேன். நிஜத்தில் அவருக்கு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிடையாது. 1919-ல் போட்டோ எடுக்கும்போது டம்மி என்று நினைத்துப் பிடித்த குண்டு வெடித்து இரண்டும் போய்விட்டன. அதை மறைக்கக் கையுறை போட்டுக்கொண்டுதான் அந்தக் கடிகாரத்தில் தொங்கினார். கீட்டன் 1924-ல் ஒரு படத்தில் கழுத்தெலும்பு முறிந்தது தெரியாமலேயே நடித்து முடித்தார், பல வருஷம் கழித்துத்தான் டாக்டர் கண்டுபிடித்தார். இவர்கள் அடுத்தவன் வலியைக் காட்டிச் சிரிக்க வைக்கவில்லை. சொந்த உடம்பை வைத்தார்கள்.

இன்றைக்கு ரீல்ஸில் வருகிற 'பிராங்க்' வீடியோக்களோடு இதை ஒப்பிடுங்கள். ஆட்டோக்காரரிடம், தள்ளுவண்டிப் பாட்டியிடம், செக்யூரிட்டி தாத்தாவிடம் வம்பு செய்து அவர்கள் பதறுவதைப் படம் பிடிப்பது. வலி அவர்களுக்கு, வியூஸ் இவர்களுக்கு. பற்றும் வரவும் நன்றாகவே தெரிகிறதல்லவா?

*

மௌனப் படமெல்லாம் மியூசியத்துக்குப் போனது என்கிறவர்களுக்கு இரண்டு ஆட்கள்.

முதலாமவர் பக்கத்திலேயே இருக்கிறார். 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த "பேசும் படம்". கமல்ஹாசன், அமலா. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. கதை நடப்பதும் எடுத்ததும் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூரில். வேலை கிடைக்காத ஒரு படித்த பையன், ஒரு பணக்காரர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். கன்னடத்தில் "புஷ்பக விமானா", இந்தியில் "புஷ்பக்". பெயரை மட்டும் மாற்றினால் போதும், படம் எல்லா ஊருக்கும் போகும். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது.

இரண்டாமவர் காபி லேம். செனகலில் பிறந்து ஒரு வயதில் இத்தாலிக்கு வந்தவர். டூரின் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் சிஎன்சி மெஷின் ஆபரேட்டர். (ஓசூரில் தடுக்கி விழுந்தால் ஒரு சிஎன்சி ஆபரேட்டர் மேல்தான் விழணும்!) 2020-ல் கொரோனா வந்ததும் வேலை போனது. வீட்டில் உட்கார்ந்து வீடியோ போட ஆரம்பித்தார். யாராவது ஒரு வாழைப்பழத்தைக் கத்தியால் சுற்றி வளைத்து உரிப்பார்கள், இவர் கையால் உரித்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். பேச்சே கிடையாது. 2022 ஜூனில் டிக்டாக்கில் உலகத்திலேயே அதிகம் பேர் பின்தொடரும் ஆள் ஆனார். 2025 ஜூனில் விசா காலம் தாண்டித் தங்கினார் என்று அமெரிக்க அதிகாரிகள் அவரைத் தடுத்து வைத்து, பிறகு நாட்டை விட்டுக் கிளம்ப அனுமதித்தார்கள். கப்பலுக்குப் பதில் விமான நிலையம். கயிறு அதேதான்.

*

கடைசியாக ஒரு யோசனை. செலவில்லாத யோசனைதான், பயப்பட வேண்டாம்.

ஒவ்வொரு கல்லூரி கல்ச்சுரல்ஸிலும் ஒரு 'மைம்' போட்டி உண்டு. கறுப்பு டிரஸ், முகத்தில் வெள்ளைப் பவுடர். ஹெல்மெட் போடு, செல்போன் பார்க்காதே, மரம் நடு என்று ஏதாவது ஒரு மெசேஜ் சொல்லி, கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று கண்ணீர் விட்டால் பரிசு. பேசாமல் நடிப்பது என்றால் அட்வைஸ் சொல்வது என்று ஆகிவிட்டது. அந்தப் போட்டிக்கு முன்னால் ஒரு 20 நிமிஷம் "தி இமிக்ரன்ட்" போட்டுப் பாருங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நம் நாட்டில் சினிமாவுக்குக் காப்புரிமை வெளியானதிலிருந்து 60 வருஷம்தான், இந்தப் படங்களுக்கு அது எப்போதோ முடிந்தாச்சு. 12 படமும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய வரும். ஒரு புரொஜக்டரும் வெள்ளைச் சுவரும் போதும். சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரத்தையும் சேர்த்துச் சுமந்தார், இங்கே அதுகூட வேண்டாம்.

கல்லூரிக்கு வெளியேயும் போடலாம். மே தினத்தன்று சிப்காட் பக்கம் ஏதாவது ஒரு ஹாஸ்டல் மொட்டை மாடியில், ஒரு கேன்டீன் சுவரில். தமிழ் பேசுகிறவரும் ஒடியா பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சிரிப்பார்கள். ஒருத்தருக்கு முன்னால் புரிந்து இன்னொருத்தர் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய நிலைமை இருக்காது. ஒரே வரிசையில் மெஷின் ஓட்டிக்கொண்டு இரண்டு வருஷமாக 'ஹலோ', 'சாப்ட்டியா' தவிர எதுவும் பேசிக்கொள்ளாதவர்களுக்கு அந்தச் சிரிப்பு ஒரு முதல் பேச்சாக இருக்கும்.

அதுவரைக்கும், அடுத்த தடவை வாட்ஸப்பில் ஒரு ஜோக்கு வந்து விரல் ஃபார்வர்டு பட்டனுக்குப் போகும்போது ஒரே ஒரு நொடி நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

ஐஸ்கிரீம் யார் கழுத்தில் விழுகிறது?